கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்குமா?



சி லேபில் ஒரு செமிகோலன் விட்டுப்போனால் கம்பைலர் உடனே சத்தம் போடும். அந்தத் தவறைப் பற்றிக் கவலை இல்லை. சத்தமே போடாமல், ஓர் எண்ணை அழகாகத் திரையில் காட்டி நம்மை நம்பவைக்கும் தவறுதான் ஆபத்தானது. கணக்குப் போடும் புரோகிராம்களில் புதியவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் நான்கு இடங்களை இங்கே பார்ப்போம்.

1. 5/9 எவ்வளவு?

ஃபாரன்ஹீட்டை செல்சியஸாக மாற்ற, 32-ஐக் கழித்து 5/9 ஆல் பெருக்க வேண்டும். 98.6 கொடுத்தால் 37 வரணும். வருவதோ 0! எந்த எண்ணைக் கொடுத்தாலும் 0 தான். 5, 9 இரண்டும் முழு எண்கள் என்பதால் சி மொழி ஈவை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறது. 5.0/9.0 என்று எழுதினால் சரியாகிவிடும். விடை போகும் வேரியபிளை ஃப்ளோட் என்று அறிவித்தால் போதும் எனப் பலர் நினைக்கிறார்கள். போதாது. வகுத்து முடித்த பிறகுதான் விடை அதற்குள் போகிறது.

2. சைன் 30

கால்குலேட்டரில் 0.5, சி-யில் –0.988. காரணம், சி-க்கு டிகிரி தெரியாது, ரேடியன்தான் தெரியும். கோணத்தை 3.14159 ஆல் பெருக்கி 180 ஆல் வகுத்துக் கொடுங்கள்.

3. 0.1 என்னும் மாயம்

0.1-ஐப் பத்து தரம் கூட்டி, 1 வந்ததும் நிற்கும்படி ஒரு லூப் எழுதிப் பாருங்கள். நிற்கவே நிற்காது! மூன்றில் ஒரு பங்கை நாம் 0.333... என்று எழுதி முடிக்க முடியாதது போல, 0.1-ஐ பைனரியில் எழுதி முடிக்க முடியாது. எங்கேயோ வெட்டித்தான் ஆகவேண்டும். அதனால் லூப்பை முழு எண்ணால் எண்ணுங்கள். இரண்டு ஃப்ளோட் எண்கள் சமமா என்று கேட்காமல், வித்தியாசம் 0.00001-ஐ விடக் குறைவா என்று கேளுங்கள்.

இது சின்ன விஷயம் இல்லை. 1991 பிப்ரவரி 25 அன்று, வளைகுடாப் போரில், சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியாட் கருவி சுமார் 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியிருந்தது. பத்தில் ஒரு நொடியாக எண்ணிய அதன் கடிகாரத்தை நொடியாக்க, 24 பிட்டில் வெட்டிய 0.1 ஆல் பெருக்கினார்கள். சேர்ந்த பிசகு 0.34 நொடிதான். ஆனால் அதற்குள் ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். கருவி வேறு இடத்தில் தேடியது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள்.

4. புள்ளி வேறு, மினிட் வேறு

எங்கள் வீராம்பட்டினம் இருப்பது சுமார் 11 டிகிரி 54 மினிட் வடக்கில். இதை 11.54 என்று புரோகிராமில் போட்டால் என்ன ஆகும்? 54-ஐ 60 ஆல் வகுத்தால் 0.9. ஆகவே சரியான எண் 11.9. வித்தியாசம் 0.36 டிகிரி, அதாவது 21.6 கடல் மைல், சுமார் 40 கிலோமீட்டர்! வீராம்பட்டினத்துக்கு வரவேண்டிய படகைப் பரங்கிப்பேட்டைப் பக்கம் அனுப்பிவிடுவோம். டீசல் யார் கொடுப்பது?

அப்படியானால் என்ன செய்யலாம்? விடை தெரிந்த ஒரு கணக்கை முதலில் கொடுத்துப் பாருங்கள். நடுவில் வரும் எண்களையும் பிரிண்ட் செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ரன் கொடுக்கும் முன் விடை சுமாராக எவ்வளவு வரும் என்று பேப்பரில் எழுதி வையுங்கள்.

என் அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை, கடலுக்குப் போகிறவர். ஜி.பி.எஸ். என்ன காட்டினாலும், லைட் ஹவுஸ் எந்தப் பக்கம் தெரியுதுன்னு ஒரு தடவை பார்த்துட்டுத்தான் படகைத் திருப்புவார். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். ஆனாலும் எந்தப் புத்தகத்துக்கும் முன்னால் எனக்குக் கிடைத்த புரோகிராமிங் பாடம் அதுதான்.

நாளை நாம் போடும் கணக்கை நம்பி ஒரு பாலமோ, ஒரு பாய்லரோ நிற்கப்போகிறது. திரையில் எண் வந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள் நண்பர்களே! சரிபார்த்த பிறகே ரெக்கார்டு நோட்டில் எழுதுவோம்!