கர்ப்பிணியின் சர்க்கரையும் ரமளான் நோன்பும்

ஷரீஅத் சலுகை அளித்த இடத்தில் அச்சலுகையை ஏற்பதும் வணக்கமே. இதை நம் பெண்கள் அறியாதவர்கள் அல்லர். ஆயினும், “சலுகை நோயாளிக்குத்தானே? எனக்கு என்ன நோய்?” என்று சொல்லி, ஏழாம் மாதத்திலும் எட்டாம் மாதத்திலும் நோன்பு வைப்பவர்கள் உண்டு. கர்ப்பத்தோடு வந்து, வெளியே தெரியாமலே இருக்கும் ஒரு நோய் உண்டு. அதைப் பற்றியதே இம்மாதப் பாடம்.

நோய் என்ன?

நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அச்சர்க்கரையை உடல் பயன்படுத்திக்கொள்ள, கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. கர்ப்ப காலத்தில் நச்சுக்கொடியிலிருந்து வரும் சில சுரப்புகள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்ட வேண்டும். அது இயலாத பெண்ணுக்கு இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. இதுவே கர்ப்பகால நீரிழிவு. பெரும்பாலோருக்கு இதனால் வலியோ வேறு அடையாளமோ இருப்பதில்லை.

இது கவனிக்கப்படாவிட்டால் தாய்க்கு இரத்தக் கொதிப்பு வரலாம்; பிரசவம் கடினமாகி அறுவை தேவைப்படலாம். தாயின் சர்க்கரை குழந்தைக்கும் போவதால் குழந்தை அளவுக்கு மீறிப் பெருக்கலாம். பிரசவத்தில் தோள் சிக்கலாம். “பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறது” என்று மகிழும் முன் அதன் காரணத்தையும் அறிய வேண்டும்.

எப்படி அறிவது?

“இது பட்டணத்து நோய்” என்பது தவறான எண்ணம். 2005 முதல் 2007 வரை தமிழகத்தில் நடந்த ஆய்வில், சென்னை நகரில் 100 கர்ப்பிணிகளில் சுமார் 18 பேருக்கும், கிராமங்களில் சுமார் 10 பேருக்கும் இந்நோய் காணப்பட்டது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இச்சோதனை செய்ய வேண்டுமென்று 2007-ல் தமிழக அரசு ஆணையிட்டது. இதற்காக உழைத்தவர்களில் முன்னோடி சென்னை மருத்துவர் டாக்டர் வீ. சேஷையா. அவர் பிறந்த நாளான மார்ச் 10, கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக நாடெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது.

சோதனை எளிது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 2 மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் உண்டு. வெறும் வயிற்றோடு வரவேண்டிய அவசியமில்லை. கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து இறங்கி வரும் பெண்ணுக்கும், சங்கராபுரம், சின்னசேலம் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வரும் பெண்ணுக்கும் இது பெரிய வசதி. கர்ப்பம் உறுதியானதும் முதல் முறையும், 24 முதல் 28 வாரத்துக்குள் இரண்டாம் முறையும் செய்ய வேண்டும். முதல் முறை நன்றாக இருந்தது என்று இரண்டாவதை விட்டுவிடக் கூடாது. நோய் பெரும்பாலும் பின்மாதங்களிலேயே தலைகாட்டும்.

நோன்பின் சட்டம்

நோயாளி வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளலாம் என்பதைத் திருமறையின் அல்பகரா அத்தியாயம் (2:184, 185) தெளிவாக்குகிறது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் சலுகை இருப்பதை நபிமொழியும் காட்டுகிறது. தனக்கோ குழந்தைக்கோ தீங்கு வரும் என்ற அச்சம் இருந்தால் நோன்பை விடலாம். அந்த அச்சம் வெறும் ஊகமாக இல்லாமல், அனுபவத்தாலோ தேர்ந்த மருத்துவரின் சொல்லாலோ உறுதிப்பட வேண்டும் என்பர் சட்ட அறிஞர்கள். நம் பாடத்தின் மையம் இதுதான்: வெளியே தெரியாத இந்நோயில் அச்சத்துக்குச் சாட்சி பரிசோதனை ஒன்றே. ஆகவே ரமளான் பிறைக்கு முன்பே சோதனையை முடித்து மருத்துவரின் சொல்லைக் கேட்டுவிட வேண்டும்.

விட்ட நோன்பைப் பின்னர் களாச் செய்வது கடமை. ஹனஃபி மத்ஹபில் களா மட்டுமே, ஃபித்யா இல்லை. ஷாஃபி மத்ஹபில் தனக்காக அஞ்சி விட்டால் களா மட்டும். குழந்தைக்காக மட்டும் அஞ்சி விட்டால் களாவோடு நாளொன்றுக்கு ஒரு முத்து தானியம் ஃபித்யாவும் உண்டு. “அரிசி கொடுத்துவிட்டோம், கடன் தீர்ந்தது” என்று இருப்பது இரு மத்ஹபிலும் சரியல்ல.

இந்நோயுள்ளவர் நோன்பு வைத்தால் நேர்வதென்ன? பதின்மூன்று, பதினான்கு மணி நேரப் பட்டினியில் சர்க்கரை இறங்குகிறது. மாலையில் பேரீத்தம் பழம், சர்பத், ஜவ்வரிசிப் பாயசம், கஞ்சி என்று ஒரே வேளையில் சேரும்போது சட்டென்று ஏறுகிறது. ஜவ்வரிசி நம் பக்கத்து மரவள்ளியின் மாவுச்சத்தேயன்றி வேறல்ல. இந்த ஏற்ற இறக்கம் இரண்டும் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. நோன்போடு இருக்கும்போது விரலில் குத்தி இரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது. அளவு 70-க்குக் கீழே போனால் அந்தக் கணமே நோன்பை விட்டுவிட வேண்டும்.

குழந்தை பிறந்ததும்

தாயின் சர்க்கரை நச்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. எனவே குழந்தையின் கணையமே அதிகமாகச் சுரக்கப் பழகிவிடும். கொடி அறுந்ததும் சர்க்கரை வரத்து நின்றுவிடும். இன்சுலின் மட்டும் மிஞ்சும். குழந்தையின் சர்க்கரை இறங்கி, நடுக்கமோ சோர்வோ வரலாம், வலிப்பும் வரக்கூடும். இதற்கு முதல் காவல், முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். குழந்தைக்கும் சர்க்கரை பார்க்கும்படி மருத்துவமனையில் கேளுங்கள்.

பாங்கு சொல்ல ஊரிலிருந்து பெரியவர் வரட்டும் என்று பாலை நிறுத்தாதீர்கள். அருகிலிருக்கும் அத்தாவோ மாமாவோ சொல்லலாம். சேனை என்று தேன் தடவ வேண்டாம். கல்வராயன் மலைத்தேனாயினும் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஆபத்தானது.

பிரசவத்தோடு சர்க்கரை பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனால் பிற்காலத்தில் அது நிலையான நோயாக வரும் வாய்ப்பு இப்பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். ஆறு வாரத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். நம் வீடுகளில் நாற்பது நாள் கணக்கு வைப்பதுண்டு. நாற்பது குளித்த அந்த வாரமே சோதனை வாரம் என்று மாமியார்கள் நினைவில் வைத்தால் போதும்.

வயிற்றுப் பிள்ளை அல்லாஹ் தந்த அமானிதம். அதைக் காக்கும் பொருட்டு விட்ட நோன்பைப் பின்னர் நோற்றுக்கொள்ள வழியுண்டு. வல்ல ரஹ்மான் நம் தாய்மார்களுக்கும் மழலைகளுக்கும் நல்ல சுகத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.