பேச்சையும் எடை போடுவோம்

சரக்கை எடை போட நம் கடையில் தராசு இருக்கிறது. மிளகாய் வற்றலில் ஈரம் உண்டா என்று கையில் நொறுக்கிப் பார்க்கிறோம். பருப்பில் வண்டு உண்டா என்று அள்ளிப் பார்க்கிறோம். ஆனால் அந்தச் சரக்கை வாங்கச் சொல்லி வரும் பேச்சை மட்டும் சோதிக்காமல் ஏற்றுக்கொள்ளும் வழக்கம் நம்மில் பலரிடம் இருக்கிறது. கடை முதல் முடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேச்சைச் சோதிக்கும் முறை நமக்குப் புதியதல்ல. மணிமேகலைக் காப்பியத்தை இயற்றிய சீத்தலைச் சாத்தனார் மதுரையில் கூல வாணிகம் செய்தவர். கூலம் என்றால் தானியம். நம் தொழிலைச் செய்த அவர், 29ஆம் காதையில் வாதத்தின் உறுப்புகளை விளக்குகிறார். அவற்றில் முக்கியமானவை மூன்று. 'மலையில் நெருப்பு இருக்கிறது' என்பது பக்கம்; அதாவது ஒருவர் நிலைநாட்ட விரும்பும் முடிவு. 'ஏனெனில் புகை எழுகிறது' என்பது ஏது, அதாவது காரணம். 'அடுக்களையில் காண்பது போல' என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. இம்மூன்றும் எவ்வாறு போலியாக அமையும் என்பதையும் அவர் வகைப்படுத்துகிறார். இந்த மூன்றையும் நம் கல்லாவுக்கு எதிரே நிறுத்திப் பார்ப்போம்.

கம்பெனிப் பிரதிநிதி வருகிறார். "இந்தப் பிஸ்கட் நன்றாக ஓடும், டிவியில் தினமும் விளம்பரம் வருகிறது, அடுத்த தெருக் கடையில் 5 பெட்டி எடுத்திருக்கிறார்கள்" என்கிறார்.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். விளம்பரம் வந்த சரக்கெல்லாம் ஓடியதா? ஓடாமல் நின்ற சரக்குக்கும் விளம்பரம் வந்ததுண்டு. இரண்டு பக்கமும் பொருந்தும் காரணம் எதையும் நிரூபிக்காது. அது ஏதுப் போலி.

அடுத்து எடுத்துக்காட்டு. அடுத்த தெருக் கடைக்கு எதிரே பள்ளிக்கூடம் இருக்கலாம். நம் கடைக்கு எதிரே மரக்கடை இருக்கலாம். மேலும், அவர் 5 பெட்டி எடுத்தார் என்பது விற்றார் என்பதாகாது. "அவர் இரண்டாம் முறை ஆர்டர் கொடுத்தாரா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், உண்மை வெளிவரும்.

இனி முடிவு. "10 பெட்டிக்கு 2 இலவசம், 20 சதவீதம் லாபம்" என்கிறார். 10 பெட்டி விலைக்கு 12 பெட்டி கிடைக்கிறது. ஆகவே தள்ளுபடி 12க்கு 2, அதாவது சுமார் 16.7 சதவீதம். அதுவும் 12 பெட்டியும் விற்றால்தான்.

பெட்டி ரூ.1,000 என்றும், நாம் ரூ.1,100க்கு விற்கிறோம் என்றும், சரக்குக்கு ஆறு மாதம் ஆயுள் என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 3 பெட்டி ஓடும் கடையில் நான்கு மாதத்தில் ரூ.13,200 வரும், முதல் ரூ.10,000 போக ரூ.3,200 மிஞ்சும். கடன் வாங்கிப் போட்ட முதலானால் வட்டியையும் கழிக்க வேண்டும். மாதம் 1 பெட்டி மட்டும் ஓடும் கடையில் ஆறு மாதத்தில் ரூ.6,600தான் வரும், ரூ.3,400 நஷ்டம். ஸ்கீம் ஒன்றுதான், பேச்சும் ஒன்றுதான். ஒரு கடைக்கு லாபம், மறு கடைக்கு நஷ்டம். மீந்ததைத் தேதி கடந்த பின் விற்றால் உணவுப் பாதுகாப்புச் சட்ட நடவடிக்கைக்கும் ஆளாவோம்.

இவை தவிர, காரணமே இல்லாமல் நம்மை அசைக்கும் பேச்சுகளும் உண்டு. "இன்று மாலையோடு ஸ்கீம் முடிகிறது" என்பது அவசரம். சுவர்க் கடிகாரமும் காலண்டரும் தருவது நன்றிக்கடன். "உங்களைப் போன்ற பெரிய கடைக்கு இது ஒரு பொருட்டா?" என்பது முகஸ்துதி. இவற்றில் எதுவும் சரக்கு ஓடும் என்பதற்குச் சான்றாகாது. பிரதிநிதியைக் குறை சொல்லிப் பயனில்லை. விற்பது அவர் வேலை, கணக்குப் பார்ப்பது நம் வேலை. "நாளை சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, சென்ற மூன்று மாத விற்பனையை நோட்டில் பார்த்து முடிவு செய்யலாம். கணக்கு சாதகமாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.

இதே தராசில் நம் பேச்சையும் வைத்தாக வேண்டும். "எல்லோரும் இந்த எண்ணெய்தான் வாங்குகிறார்கள்" என்று நாம் வாடிக்கையாளரிடம் சொல்வது எத்தகைய காரணம்? "இது இந்த வாரம் ஆட்டியது, லிட்டர் விலை இவ்வளவு, வேண்டுமானால் கால் லிட்டர் வாங்கிப் பாருங்கள்" என்று சொல்வது சரியான காரணம். முதல் பேச்சில் ஒரு நாள் வியாபாரம் நடக்கலாம். மாதச் சாமான் பட்டியலோடு ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் நம் கடைப்படி ஏறுவது இரண்டாவது பேச்சால்தான்.