கண்டிப் பகுதியில் சூரியகாந்தி விதைக்கும் காலம்

கடைசி உறைபனி நீங்கிய பின்னரே சூரியகாந்தியை விதைத்தல் வேண்டும் என மேல்நாட்டு விதைப் பைகளிலும் நூல்களிலும் குறிக்கப்பட்டிருக்கும். குளிர்நாடுகளுக்கு இது பொருத்தமான விதியே. ஆங்குப் பல இடங்களில் ஏப்ரல், மே மாதங்களிலேதான் விதை முளைத்தற்கு வேண்டிய வெப்பம் நிலத்தில் உண்டாகின்றது. ஆயின், அந்நாளையே கண்டிக் கமக்காரரும் பின்பற்றின், முற்றிய பூத்தலைகள் மழையில் அழுகி நட்டமே எஞ்சும்.

உறைபனி எங்கே உண்டு?

கண்டி நகர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. சனவரி மாத இரவுகளிலும் இங்கு வெப்பநிலை சராசரியாக 18 பாகை செல்சியசு அளவில் இருக்கும். ஆதலின் இங்கு உறைபனி விழுவதில்லை. ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவிலோ, சனவரி, பெப்ரவரி மாதங்களில் முகிலும் காற்றுமற்ற இரவுகளில் உறைபனி விழுந்து உருளைக்கிழங்கு, போஞ்சி முதலிய பயிர்களைக் கருக்குவதுண்டு. குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்குவதால், அங்கே தாழ்ந்த நிலங்களே முதலிற் பாதிக்கப்படும்.

நாளைக் கணிக்கும் முறை

கண்டியில் விதைப்பு நாளைத் தீர்மானிப்பது மழையே. சூரியகாந்தி, இனத்துக்கேற்ப, 90 முதல் 110 நாட்களில் முற்றும். மொட்டு விடும்போதும் பூக்கும்போதும் மணி பிடிக்கும்போதும் நிலத்தில் ஈரம் வேண்டும். முற்றும்போதோ வெயில் வேண்டும். இப்பகுதியில் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை மிகுந்து, பெப்ரவரி அளவிற் குறையும். எனவே பெப்ரவரி இறுதியை அறுவடை நாளாகக் கொண்டு பின்னோக்கி எண்ணுக. 100 நாட் பயிராயின் நவம்பர் 20 அளவிலும், 110 நாட் பயிராயின் நவம்பர் 10 அளவிலும் விதைத்தல் வேண்டும். மே 1இல் விதைத்த 100 நாட் பயிர், தென்மேற் பருவக்காற்று வீசும் ஓகத்து 9 அளவில் முற்றும் என்பதை ஒப்பிட்டுப் பார்க்க.

நிலமும் விதைப்பும்

விதைக்குங் காலம் மழைக்காலமாதலால், நீர் தேங்கும் வயலை விடுத்து மேட்டு நிலத்தைத் தெரிக. வரம்புயர்த்தி வடிகால் வெட்டி, வரிசைக்கு வரிசை 60 சதமமீற்றரும் செடிக்குச் செடி 30 சதமமீற்றரும் இடைவிட்டு, 3 முதல் 5 சதமமீற்றர் ஆழத்தில் விதையிடுக. பூக்குங் காலத்தில் தேனீக்கள் வந்தாலன்றி மணி நன்கு பிடியாது. ஆகையால் அப்பொழுது பூச்சிமருந்து தெளித்தலைத் தவிர்க்க.

அறுவடை

பூத்தலையின் பின்புறம் மஞ்சளாகிப் பழுப்பு நிறம் அடையத் தொடங்கியதும் கொய்து, வெயிலில் நன்கு உலர்த்தி மணிகளைப் பிரிக்க. கிளிகள் முந்திக்கொள்ளாதவாறு காவல் செய்தலும் அவசியம்.

விதை வாங்கும்போதே இனத்தின் வயதைக் கேட்டறிந்து நாட்களை எண்ணுக. ஐயமிருப்பின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.