நல்ல அஞ்சல் தொலையாமல் இருக்க

2010ஆம் ஆண்டு பிறந்த அன்று, உலகின் பல இடங்களில் ஒழுங்கான மின்னஞ்சல்கள் ஸ்பேம் பெட்டிக்குள் விழத் தொடங்கின. புத்தாண்டு வாழ்த்து, அலுவலகச் சுற்றறிக்கை, ரசீது என்ற பேதம் இல்லை. அனுப்பியவர்கள் செய்த பெரிய குற்றம், அந்த அஞ்சலின் தேதியில் 2010 என்று இருந்ததுதான்.

காரணம் ஸ்பேம்அசாசின். ஆயிரக்கணக்கான சர்வர்களில் ஓடும் இலவச வடிகட்டி அது. வரும் அஞ்சல் ஒவ்வொன்றையும் நூற்றுக்கணக்கான விதிகளால் சோதித்துப் புள்ளி போடும். கூட்டுத்தொகை 5-ஐத் தொட்டால் ஸ்பேம் என்று முத்திரை குத்தும். அந்த விதிகளில் ஒன்று, தேதி வெகுதூர எதிர்காலத்தில் இருந்தால் மூன்று புள்ளிக்கும் மேல் கொடுத்தது; வேறு விதிகளில் மிச்சப் புள்ளி சேர்ந்தாலே முத்திரை விழும். ஸ்பேம் அனுப்புகிறவர்கள் தங்கள் அஞ்சல் இன்பாக்ஸின் உச்சியிலேயே நிற்கட்டும் என்று வருங்காலத் தேதி போடுவார்கள். அவர்களைப் பிடிக்க எழுதிய விதி. எழுதியவர் 2010 முதல் 2099 வரையான எல்லா ஆண்டுகளையும் எதிர்காலம் என்று கணக்கில் வைத்திருந்தார். எதிர்காலம் வந்து சேர்ந்தது. விதி அப்படியே இருந்தது. இன்னும் வருத்தம் தரும் விஷயம், இந்தப் பிழையைத் திட்டத்தின் உருவாக்குநர்கள் முன்பே கண்டுபிடித்துத் தங்கள் மேம்பாட்டுப் பதிப்பில் திருத்தியும் இருந்தார்கள். அந்தத் திருத்தம் மக்கள் பயன்படுத்தும் பதிப்புக்குப் போய்ச் சேரவில்லை. ஜனவரி 1 அன்றே அவசரமாகப் புதிய விதித்தொகுப்பு வெளியிட வேண்டியதாயிற்று.

மின்னஞ்சல் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். வடிகட்டியின் விதிக்கும் ஆயுள் உண்டு. விதித்தொகுப்பைத் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு இல்லாத சர்வர், நல்ல அஞ்சலை என்றைக்காவது விழுங்கியே தீரும். சொந்தமாக விதி எழுதுகிறவர்கள் அதை எழுதிய நாளையும் காரணத்தையும் பக்கத்திலேயே குறித்து வைக்க வேண்டும். புதிய விதிக்கு எடுத்த எடுப்பில் மூன்று புள்ளி கொடுக்கக் கூடாது. 0.01 புள்ளி கொடுத்துச் சில வாரம் ஓடவிட்டு, எந்தெந்த அஞ்சல்களைத் தொட்டது என்று பதிவேட்டில் பார்த்துவிட்டுத்தான் எடையைக் கூட்ட வேண்டும்.

ஸ்பேம் வடிகட்டி இரண்டு வகையில் தவறும். ஸ்பேமை உள்ளே விடுவது ஒன்று. நல்ல அஞ்சலை ஸ்பேம் என்று ஒதுக்குவது மற்றொன்று. முதல் தவறு கண்ணெதிரே நிற்கும். எரிச்சலோடு அழித்துவிடுவோம், இரண்டு விநாடி போகும். இரண்டாவது தவறு நடந்ததே தெரியாது. நேர்காணலுக்கு அழைத்த கடிதம் வரவில்லை என்பதை, அது வந்திருக்கும் என்று தெரியாதவர் எப்படி அறிவார்? வடிகட்டி விற்கும் நிறுவனங்கள் இரண்டையும் சேர்த்து ஒரே விழுக்காட்டில் 'துல்லியம்' என்று சொல்லும்போது, எனக்கு அந்த எண்ணின் மேல் நம்பிக்கை வருவதில்லை. இரண்டு தவறுகளுக்கும் இரண்டு எண் கேட்டு வாங்குங்கள்.

கணினி நிரலாளர் பால் கிரஹாம் 2002 ஆகஸ்டில் வெளியிட்ட ஒரு கட்டுரை, சொற்களின் நிகழ்தகவை வைத்து ஸ்பேமைப் பிடிக்கும் பேசியன் முறையைப் பரவலாக்கியது. அதற்கு முன்பே, 1998இல், மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் இதே வழியில் முயன்றிருந்தார்கள். கிரஹாம் தன்னிடம் சேர்ந்திருந்த ஸ்பேம்களை ஆராய்ந்தபோது, 'கிளிக்' என்ற ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைத் தேடினாலே 79.7 விழுக்காடு ஸ்பேம் பிடிபட்டது. நல்ல அஞ்சல்களில் 1.2 விழுக்காடு மட்டுமே தவறாக மாட்டியது. ஒரு வரியில் எழுதிவிடக்கூடிய விதி, ஐந்தில் நான்கு ஸ்பேம் காலி! ஆசை காட்டும் எண்தான். ஆனால் நாளைக்கு 50 நல்ல அஞ்சல் பெறுகிற ஒருவருக்கு, அந்த 1.2 விழுக்காடு ஆண்டுக்கு 219 கடிதம். எந்த அலுவலகமும் இதைத் தாங்காது.

கிரஹாம் செய்த ஏற்பாடு எளிமையானது. ஒரு சொல் நல்ல அஞ்சல்களில் எத்தனை முறை வந்ததோ, அதை இரண்டால் பெருக்கிக் கணக்கில் சேர்த்தார். சந்தேகத்தின் பலன் எப்போதும் அஞ்சலுக்கே. கற்றுக்கொடுக்க ஸ்பேமை மட்டும் கொட்டாமல், நல்ல அஞ்சலையும் ஏறக்குறைய அதே அளவுக்குக் கொடுத்தார். கற்றுக்கொண்ட வடிகட்டி, ஆபாசச் சொற்களுக்கு நிகராக இன்னொன்றையும் பிடித்துக்கொண்டது: எழுத்தைப் பளீர் சிவப்பில் காட்டும் எச்டிஎம்எல் நிறக்குறியீடு. மனிதர் யாரும் அதை விதியாக எழுதியிருக்க மாட்டார்கள்.

நல்ல அஞ்சலையும் கற்றுக்கொடுங்கள் என்பதைத்தான் நடைமுறையில் பலரும் விட்டுவிடுகிறார்கள். பயனர்கள் 'ஸ்பேம்' பொத்தானை அழுத்துவார்கள். ஸ்பேம் பெட்டியில் நல்ல அஞ்சல் கிடந்தால் அங்கேயே படித்துவிட்டு மூடிவிடுவார்கள். வடிகட்டிக்குக் கிடைப்பது ஒருபக்கச் சாட்சி மட்டும். 'ஸ்பேம் அல்ல' என்ற பொத்தானை அழுத்தும்வரை அடுத்த அஞ்சலும் அதே குழியில் விழும் வாய்ப்பு அதிகம். தானே சந்தா கட்டிய இதழ் சலித்துப்போனதும் சந்தாவை நிறுத்தாமல் ஸ்பேம் என்று புகார் செய்வதும் இதே வகைக் கேடு. பொதுச் சர்வராக இருந்தால், அந்த இதழைக் காத்திருந்து படிக்கும் பக்கத்து மேசைக்காரருக்கும் சேர்த்து அது நின்றுபோகும். ஸ்பேம்அசாசினின் பேசியன் பகுதி, 200 ஸ்பேமும் 200 நல்ல அஞ்சலும் கையில் சேரும்வரை வாயே திறக்காது. அந்தப் பொறுமை நமக்கும் வேண்டும்.

இரண்டு பெட்டி போதாது என்று முதலில் துணிந்து சொன்னவர்களில், ஸ்பேம்பேயஸ் என்ற வடிகட்டியை உருவாக்கிய குழுவினர் முக்கியமானவர்கள். கேரி ராபின்சன் முன்வைத்த புள்ளியியல் முறையை எடுத்துக்கொண்டு, நல்லது, ஸ்பேம், 'தெரியவில்லை' என்று மூன்று பெட்டி வைத்தார்கள். 0 முதல் 1 வரையான மதிப்பெண்ணில் 0.20-க்குக் கீழே நல்லது, 0.90-க்கு மேலே ஸ்பேம், நடுவில் உள்ளதை மனிதர் பார்க்கட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் இயந்திரத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இன்றைய பெரிய அஞ்சல் சேவைகள் பலவற்றில் இந்த நடுப்பெட்டி கண்ணில் படுவதில்லை என்பது இழப்பு.

இனி, எது நடந்தாலும் செய்யக் கூடாத ஒன்று. ஃபுளோரிடா மாநிலத்தில் 2014இல் ஒரு வழக்கில், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கட்டணத்தைச் செலுத்தும்படி நீதிமன்றம் உத்தரவிட்டு, அதை இரு தரப்பு வழக்கறிஞர்களுக்கும் மின்னஞ்சலில் அனுப்பியது. தோற்ற தரப்பின் வழக்கறிஞர்கள் அதைப் பார்க்கவே இல்லை. மேல்முறையீட்டுக்கான 30 நாள் கடந்துவிட்டது. அஞ்சல் வரவே இல்லை, கெடுவைப் புதுப்பித்துத் தாருங்கள் என்று கேட்டார்கள். விசாரணையில், அஞ்சல் அவர்களுடைய சர்வரைச் சென்றடைந்தது என்பதைப் பதிவேடுகள் காட்டின. ஸ்பேம் என்று தோன்றும் எதையும் யாருக்கும் சொல்லாமல் நிரந்தரமாக அழித்துவிடும்படி அந்த அலுவலகத்தின் வடிகட்டி அமைக்கப்பட்டிருந்தது. அப்படி வைக்காதீர்கள் என்று அவர்களுடைய கணினி ஆலோசகரே எச்சரித்திருந்தார். செலவு கருதிக் கேட்கவில்லை. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது.

சத்தமில்லாமல் அழிக்கும் அமைப்பை நான் எந்தச் சர்வரில் கண்டாலும் முதல் வேலையாக அதை மாற்றச் சொல்கிறேன். செய்ய வேண்டியது இரண்டில் ஒன்று. ஸ்பேம் பெட்டியில் போட்டு வைக்கலாம். பெறுபவர் தேடினால் கிடைக்கும். அல்லது, அனுப்பும் சர்வர் இன்னும் இணைப்பில் இருக்கும்போதே, 550 என்ற எண்ணோடு மறுத்துவிடலாம். அப்படி மறுத்தால், உண்மையான மனிதர் அனுப்பியதாக இருந்தால் 'உங்கள் அஞ்சல் சேரவில்லை' என்ற தகவல் அவருக்குப் போகும். அவர் தொலைபேசியை எடுப்பார். அஞ்சலை ஏற்றுக்கொண்ட பிறகு திருப்பி அனுப்புவது வேறு கதை. ஸ்பேமில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் திருடப்பட்டது. திரும்பும் அஞ்சல் ஒரு பாவமும் அறியாதவர் தலையில் விடியும்.

சொற்பட்டியல் வைத்துத் தடுப்பது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1996இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஊர்க்காரர்களால் ஏஓஎல் சேவையில் கணக்குத் திறக்க முடியாமல் போனது. ஊரின் பெயருக்குள் ஒரு கெட்ட சொல்லின் எழுத்துகள் வரிசையாக இருந்தன. 'ஸ்பெஷலிஸ்ட்' என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் அதன் வயிற்றில் 'சியாலிஸ்' என்ற மாத்திரையின் பெயர் எழுத்து பிசகாமல் இருக்கும். சொல்லின் எல்லையைப் பார்க்காத விதி, வேலை தேடுகிறவரின் சுயவிவரத்தை மாத்திரை விளம்பரம் என்று ஒதுக்கிவிடும்.

சொல்லின் எல்லை என்றதும் தமிழுக்கு வந்தே ஆக வேண்டும். தமிழ் அஞ்சல்களில் நான் பார்த்த தவறுகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. பைத்தான் மொழியில் வடிகட்டி எழுதுகிறவர்கள், உரையைச் சொல் சொல்லாகப் பிரிக்க அதன் இயல்பான ரெகுலர் எக்ஸ்பிரஷன் குறியைப் பயன்படுத்துவார்கள். அந்தக் குறி, எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே சொல்லின் பகுதியாக ஏற்கும். யூனிகோடில் நம் புள்ளியும், இகர உகரக் குறிகளும், கொம்புகளும், கால்களும் எழுத்து என்ற வகையில் சேராமல், சேர்க்கைக் குறிகள் என்ற தனி வகையில் நிற்கின்றன. விளைவு, ஒவ்வொரு குறியிலும் சொல் உடைகிறது. 'வங்கி' என்பது 'வங', 'க' என்று இரண்டு துண்டாகும். 'பரிசு' என்பது 'பர', 'ச' ஆகும். 'பரீட்சை' என்பது 'பர', 'ட', 'ச' ஆகும்.

இப்போது என்ன நடக்கும் என்று பாருங்கள். 'உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது' என்று வந்த நூறு மோசடி அஞ்சல்களைப் பார்த்து, 'பர', 'ச' என்ற துண்டுகள் ஸ்பேமின் அடையாளம் என்று வடிகட்டி கற்றுக்கொள்கிறது. மறுநாள் கல்லூரியிலிருந்து பரீட்சைத் தேதி வருகிறது. அதிலும் அதே துண்டுகள். மாணவர் தேதியைத் தவறவிடுகிறார்; வடிகட்டியை எழுதியவர் தன் ஆங்கிலச் சோதனைகளில் எல்லாம் சரியாக இருக்கிறதே என்று நினைக்கிறார்.

தீர்வு கடினமில்லை. இடைவெளியையும் நிறுத்தற்குறியையும் வைத்துப் பிரித்தாலே சொல் முழுசாகக் கிடைக்கும். அதோடு நின்றால் இன்னொரு சிக்கல் வரும்: வங்கி, வங்கியில், வங்கிக்கு, வங்கியிலிருந்து எல்லாம் வடிகட்டிக்கு வெவ்வேறு சொற்கள். ஆங்கிலத்துக்குப் போதுமான பயிற்சி அஞ்சல்கள் தமிழுக்குப் போதாமல் போவது இதனால்தான். சொல்லோடு சேர்த்து, மும்மூன்று எழுத்துத் துண்டுகளையும் கணக்கில் எடுத்தால் நல்ல பலன் தெரிகிறது. துண்டு போடும்போது 'ங்', 'கி' என்று முழு எழுத்தாக எண்ண வேண்டும். யூனிகோடு குறியெண்களை எண்ணக் கூடாது. வடிகட்டி ஏற்கும் மொழிகளின் பட்டியலையும் திறந்து பாருங்கள். எங்கோ எழுதிய அமைப்புக் கோப்பை நகலெடுத்துப் போட்டதால், ஆங்கிலம் மட்டும் அனுமதி என்று இருக்கும் சர்வர்கள் தமிழ்நாட்டிலேயே உண்டு. அங்கே தமிழில் எழுதுவதே புள்ளி வாங்கித் தரும் குற்றம்.

தவறைக் குறைக்கப் பலர் முதலில் நாடுவது நம்பகமானவர் பட்டியல். நல்ல கருவி, பயன்படுத்தும் விதத்தில் ஓட்டை விழும். தங்கள் சொந்த டொமைனையே அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அனுப்புநர் முகவரியை யார் வேண்டுமானாலும் போலியாக எழுதலாம் என்பதால், மோசடிக்காரர் உங்கள் மேலாளர் பெயரிலேயே எழுதி நேராக உள்ளே வருவார். முகவரியோடு சேர்த்து, அஞ்சல் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்து வந்ததா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் சோதனையில் தேறினால் மட்டும் விலக்கு அளிக்கும் வசதி ஸ்பேம்அசாசினிலும் இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அனுப்பும் பக்கத்துக்கும் பொறுப்பு உண்டு. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் மொத்தமாக அஞ்சல் அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகிய சரிபார்ப்பு முறைகள் மூன்றையும் கட்டாயமாக்கியிருக்கின்றன. கூகுள் கணக்கில் மொத்தம் என்பது ஜிமெயில் முகவரிகளுக்கு நாளைக்கு 5,000 அஞ்சல். ஸ்பேம் புகார் 0.3 விழுக்காட்டைத் தொடக் கூடாது. அதாவது ஆயிரத்துக்கு மூன்று பேர் பொத்தானை அழுத்தினாலே ஆபத்து. சந்தா நிறுத்தும் இணைப்பை எட்டாத மூலையில் ஒளித்து வைக்கும் பள்ளிகளும் இதழ்களும் தங்கள் வாசகர்களின் கையாலேயே தங்களை ஸ்பேம் ஆக்கிக்கொள்கின்றன.

கிரேலிஸ்டிங் என்ற முறையையும் சொல்ல வேண்டும். அறிமுகமில்லாத சர்வரிடம் 'பிறகு வா' என்று தற்காலிகமாக மறுப்பது. ஒழுங்கான சர்வர் திரும்ப வரும், அவசரக்கார ஸ்பேம் நிரல் பெரும்பாலும் வராது. இதற்கான போஸ்ட்கிரே நிரல் இயல்பாக ஐந்து நிமிடம் காக்க வைக்கும். அனுப்பும் சர்வர் அதற்கும் தாமதமாகத் திரும்ப வந்தால், வங்கி அனுப்பிய ஓடிபி உயிரிழந்த பிறகுதான் கைக்கு வரும். வங்கி, வருமான வரி, ரயில்வே போன்ற முகவரிகளுக்கு இதில் விலக்கு கொடுப்பது நல்லது.

ஸ்பேம் பெட்டியை முழுதாகப் படிக்க யாருக்கும் நேரமில்லை. ஜிமெயிலில் அங்கே விழுந்தது 30 நாளில் தானே அழிந்துவிடும். ஆகவே வாரம் ஒருமுறை, எதிர்பார்க்கும் பெயர்களையும் சொற்களையும் போட்டு அந்தப் பெட்டிக்குள் தேடிப் பார்ப்பது பயன் தரும். சொந்தச் சர்வர் வைத்திருப்பவர்கள் புள்ளி வாரியாக அடுக்கலாம். 20, 30 என்று புள்ளி வாங்கியவற்றில் நல்லது கிடைப்பது அபூர்வம். தவறாக மாட்டியவை பெரும்பாலும் 5-க்கும் 7-க்கும் இடையில் கிடக்கும். அந்தப் பட்டியை மட்டும் படித்து, ஒவ்வொன்றுக்கும் எந்த விதி எத்தனை புள்ளி கொடுத்தது என்று தலைப்பு வரிகளில் பாருங்கள். ஒரே விதி திரும்பத் திரும்ப நல்ல அஞ்சலில் தென்பட்டால், அதன் எடையைக் குறைத்துவிட்டு அந்த அஞ்சல்களை நல்லவை என்று வடிகட்டிக்குக் கற்றுக்கொடுங்கள்.