களரிக்கு ஏற்ற மைக்

அன்பு மருமகளுக்கு,

பழுகாமத்தில் கூத்துப் பழக்கம் தொடங்குமுன் கண்டென்சர் மைக் வாங்க வேண்டும், எது நல்லது என்று கேட்டிருந்தாய். கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் பாட்டைப் பதிந்து வைக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே எனக்குப் பெரிய சந்தோசம். ஆனால் கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டும் பருத்த ஸ்டூடியோ மைக்கை வாங்கிவிடாதே. அது அமைதியான அறையில் ஒருவர் முன்னே நின்று பாடுவதற்கு உகந்தது. உனக்கு வேண்டியது பென்சில் மைக் என்று சொல்லப்படும் சிறிய கண்டென்சர், ஒரே வகையில் ஒரு சோடி.

கோயில் ஒலிபெருக்கிக்காரர் வைத்திருப்பது பெரும்பாலும் டைனமிக் மைக். அதில் ஒலி ஒரு கம்பிச் சுருளையும் சேர்த்து அசைக்க வேண்டும். அமெரிக்காவில் ஈ. சி. வென்டே 1916இல் உருவாக்கிய கண்டென்சர் மைக்கில் அந்தச் சுமை இல்லை. உயர்தரத்தில் நீ படித்த கொள்ளளவிதான் அது: ஒரு தட்டு அசையாது, மற்றது சில மைக்ரோன் தடிப்பே உள்ள மென்தகடு. அதனால்தான் சல்லரியின் கிணுகிணுப்பும் சதங்கையும், விருத்தம் முடியும்போது இழுபடும் மூச்சும் அதில் விழுகின்றன. அதற்கு 48 வோல்ட் ஃபான்டம் பவர் வேண்டும். கைபேசி அதைத் தராது. ஸூம் எச்5 போன்ற ரெக்கார்டர் தரும். பற்றரி சீக்கிரம் இறங்கும், விடியும் வரை ஆடுகிற கூத்துக்கு மேலதிகமாக எடுத்துக்கொண்டு போ.

விபரத்தாளில் இரண்டைப் பார். மத்தளத்தைத் தாங்க 130 டெசிபெல்லுக்குக் குறையாத உச்ச ஒலி அளவு இருக்க வேண்டும். மைக்கின் சொந்த இரைச்சல் 20 டெசிபெல்லுக்குள் இருந்தால் போதும். தவளையும் கச்சான் காற்றும் அதைவிட உரத்துக் கேட்கும் இடத்தில் இன்னும் குறைந்த இரைச்சலுக்காகக் காசைக் கொட்டுவது வீண். அந்தக் காசில் மைக்குக்கு உரோம உறை வாங்கு. பஞ்சு உறை கச்சானுக்குத் தாக்குப்பிடிக்காது.

எங்கே வைப்பது என்பதுதான் பெரிய கேள்வி. நம்முடைய வட்டக்களரியில் அண்ணாவியார், மத்தளம், சல்லரி, பிற்பாட்டு எல்லாம் நடுவில், ஆடுபவர்கள் சுற்றிவருவார்கள். மைக்கையும் நடுவில் வைத்தால் மத்தளம் பாட்டை விழுங்கிவிடும். களரிக்கு வெளியே, ஆள் உயரத்துக்கு மேல், ஒரே தாங்கியில் இரண்டையும் பொருத்து. பிரெஞ்சு வானொலிக்காரர் வகுத்த ஓஆர்டிஎஃப் முறை எனக்குப் பிடித்தது: இடைவெளி 17 சென்ரிமீற்றர், விரிகோணம் 110 பாகை. ஆடுபவர் உன் பக்கம் வரும்போது குரல் எழும், அப்பால் போனால் தாழும். அதைச் சமப்படுத்த முயலாதே. களரியைச் சுற்றி இருப்பவர்களுக்கும் அப்படித்தான் கேட்கிறது. மத்தளம் ஓங்கி ஒலிக்கும்போது அளவு -12 டெசிபெல்லைத் தாண்டாதபடி வைத்து, 24 பிற்றில் பதி.

அண்ணாவியாரைத் தனியே பாடச் சொல்லிப் பதிவதென்றால் சீமெந்து அறை வேண்டாம், காற்றில்லாத நேரத்தில் முற்றம் நல்லது. வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வை. கிட்டப் போனால் குரல் வீங்கிக் கனத்துவிடும்.

வாவிக்கரை ஈரத்துக்குப் பயப்படு. விடியற்காலைப் பனி மென்தகட்டில் படிந்தால் மின்னேற்றம் கசிந்து படபடவென்று பொரியும். கேட்டால் உடனே நிறுத்தி, உலர விடு. குளிரூட்டிய அறையிலிருந்தோ வாகனத்திலிருந்தோ கொண்டுவந்தால், சூடு சமப்படும் வரை பையைத் திறக்காதே. வீட்டில் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வை. நீலமணிகள் இளஞ்சிவப்பானால் சூடாக்கி மறுபடி பாவிக்கலாம்.

திரௌபதை அம்மன் சடங்கைப் பதிவதானால் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரிடமும் பூசை செய்யும் கப்புகனாரிடமும் முதலில் கேள். மறுத்தால் விட்டுவிடு. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் திகதி, இடம், கூத்தின் பெயர், வடமோடியா தென்மோடியா என்பதை உன் குரலிலேயே சொல்லிவை. முதல் பிரதி அண்ணாவியாருக்குப் போக வேண்டும்.

அரங்கேற்றம் வரை காத்திராதே. அன்றைக்கு ஒலிபெருக்கி கட்டிவிடுவார்கள், உன் மைக்கில் ஸ்பீக்கரின் சத்தம்தான் விழும். பழக்க இரவுகளிலேயே போய் உட்கார்.

அன்புடன்,
மாமா