விற்பனையின் பெயரில் வைப்புத் தொகை

மும்பை மாநகரின் மேற்கு இரயில் பாதையும் மத்திய இரயில் பாதையும் சந்திக்கும் தாதர், காய்கறி, பூ, துணி ஆகியவற்றின் வணிகம் விடியற்காலை முதல் நடைபெறும் பகுதியாகும். சிறு வணிகரின் கையில் அன்றாடம் ரொக்கம் புழங்கும் இடமும் அதுவே. பிளாட்டினம் ஹெர்ன் என்ற தனியார் நிறுவனம் 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'டோரஸ்' என்ற பெயரில் நகைக்கடைகளைத் திறந்தபோது, தாதர் கடையே அவற்றுள் முதன்மையாக விளங்கியது. 2025 ஜனவரி 6 அன்று அக்கடையின் முன் பெருங்கூட்டம் திரண்டது. வாரந்தோறும் வந்துகொண்டிருந்த பணம் நின்றுபோயிருந்தது. சிவாஜி பார்க் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாயிற்று. முதலில் புகார் அளித்தவர் ஒரு காய்கறி வணிகர். பின்னர் வழக்கு, மும்பைக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவிற்கு மாற்றப்பட்டது. கணக்கிடப்பட்ட இழப்பு 100 கோடி ரூபாயைக் கடந்தது. குற்றம் சாட்டப்பட்டோருள் முக்கியமான வெளிநாட்டினர் பலர் முன்னதாகவே நாட்டை விட்டு வெளியேறிவிட்டதாகப் புலனாய்வுத் துறை தெரிவித்தது.

திட்டத்தின் அமைப்பு எளிமையானது. வாடிக்கையாளர் மோய்சனைட் என்னும் கல்லை வாங்குவார். இது வைரத்தைப் போல ஒளிரும். ஆனால் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்படும் சிலிக்கன் கார்பைடே ஆகும். கல் அவர் கைக்கு வந்துவிடும். அத்துடன், செலுத்திய தொகையின் மீது வாரந்தோறும் ஒரு விழுக்காடு அவருக்கு வழங்கப்படும். பிறரைச் சேர்த்துவிட்டால் கழிவுத் தொகையும் உண்டு. மிகுதியாகச் சேர்த்தோர் சிலருக்குக் கார்களே பரிசளிக்கப்பட்டன.

கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். வார வீதம் 6 விழுக்காடு எனக் கொண்டால், ஒரு இலட்சம் ரூபாய்க்கு வாரம் 6,000 ரூபாய் தரவேண்டும். பதினேழாம் வாரத்தில் மொத்தம் 1,02,000 ரூபாய் கொடுக்கப்பட்டிருக்கும். அதாவது வாடகை, ஊதியம், விளம்பரம், கல்லின் விலை ஆகிய எதற்கும் ஒரு காசு செலவிடாதிருந்தாலும், பெற்ற தொகை முழுவதும் தீர்ந்துவிடும். அதன்பின் தரப்படும் ஒவ்வொரு ரூபாயும் புதிதாக வருபவரிடமிருந்தே வந்தாகவேண்டும். நிறுவனம் தன் இறுதி வாரங்களில் வீதத்தை 11 விழுக்காடு வரை உயர்த்தி அறிவித்தது. வாங்கியோர் இதனை வளத்தின் அடையாளமாகக் கருதினர். உண்மையில் பதினேழு வாரக் கெடு பத்து வாரமாகச் சுருங்கிற்று என்பதே அதன் பொருள். அக்காலத்தில் வங்கிகள் ஓராண்டு வைப்புக்கு அளித்த வட்டி ஏறத்தாழ 7 விழுக்காடுதான் என்பதையும் மாணவர்கள் இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இது விற்பனையா, வைப்பா? சட்டத்தின் நோக்கில் இதுவே மையமான வினாவாகும். ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம், பொருள் வாங்குவதற்காகத் தரப்படும் தொகையை வைப்பு என்று கொள்வதில்லை; ஆனால் அத்தொகைக்கு வணிகத்தோடு உண்மையான தொடர்பு இருத்தல் வேண்டும் என வரையறுக்கிறது. கல்லின் சந்தை விலைக்கும் செலுத்திய தொகைக்கும் பெரும் இடைவெளி இருக்குமாயின், அந்த இடைவெளியே வைப்புத் தொகை எனலாம்.

மும்பைக்கு இது புதியதன்று. 2013-இல் முடங்கிய தேசிய ஸ்பாட் பரிவர்த்தனை நிலையத்தில், ஒரே சரக்கை இன்று வாங்கிச் சில வாரங்களுக்குப் பின் கூடுதல் விலைக்கு விற்கும் இணை ஒப்பந்தங்கள் நடைபெற்றன. பெயருக்குச் சரக்கு வணிகம். முதலீட்டாளர் நாடியதோ நிலையான வருவாய். சுமார் 13,000 பேருக்கு வரவேண்டிய 5,600 கோடி ரூபாய் சிக்கிக்கொண்டது. மகாராஷ்டிர வைப்பாளர் நலன் பாதுகாப்புச் சட்டம், 1999-இன்படி அத்தொகையும் வைப்பே என உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வருவதற்குள் ஒன்பது ஆண்டுகள் ஓடிவிட்டன என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும்.

முறையான சொத்து மேலாண்மை நிறுவனம் இதனின்று எங்கு வேறுபடுகிறது? செபியின் விதிகளின்படி, பரஸ்பர நிதியின் பணத்தை நிர்வகிப்பது ஒரு நிறுவனம். அப்பணத்திற்குப் பொறுப்பாளர் அறங்காவலர். பத்திரங்களைக் காப்பவர் வேறொருவர். நிர்வாகியின் பணமும் முதலீட்டாளரின் பணமும் ஒரே பெட்டியில் கிடப்பதில்லை. இவ்வேலியும் குறையற்றதன்று, 1997-இல் சி.ஆர்.பி. குழுமம் வீழ்ந்தபோது அதன் பரஸ்பர நிதியும் சிக்கலுக்கு உள்ளாயிற்று. ஆனால் தாதரில் வேலியே இருக்கவில்லை. கம்பெனிப் பதிவாளரிடம் பதிவு செய்திருந்ததையே மக்கள் அரசின் அங்கீகாரமாக எண்ணினர். அப்பதிவு ஒரு நிறுவனத்திற்குச் சட்டப்படியான உருவத்தை மட்டுமே தருகிறது. பொதுமக்களிடம் பணம் திரட்டும் உரிமையை அது தருவதில்லை.

புகார் வராதவரை காத்திருப்பது நிர்வாகத்தின் வழக்கம். இத்தகைய திட்டத்திலோ, பட்டுவாடா ஒழுங்காக நடைபெறும் வரை புகார் அளிக்க ஒருவரும் முன்வரமாட்டார். புகார் எழும் நாளில் பெட்டகம் காலியாயிருக்கும். கடை இயங்கிய மாதங்களில் அதன் கொள்முதல் பட்டியலையும் விற்பனை விலையையும் அருகருகே வைத்துப் பார்க்க, வட்ட அளவிலான ஓர் அலுவலருக்கு ஒரு நாள் பிடித்திருக்கும்.