வடகடல் இழந்த பறவை

நுழையும்முன்
பெருந்திரளாக வாழும் உயிரினம் அழியாது என்னும் நம்பிக்கை உலகில் நெடுங்காலம் நிலவியது. அந்நம்பிக்கையைத் தகர்த்தது ஒரு கடற்பறவையின் மறைவு. அப்பறவையின் வாழ்வையும் அழிவையும் இப்பாடம் விளக்குகிறது.

நீருக்கேற்ற உடல்
வட அட்லாண்டிக் பெருங்கடலின் குளிர்நீரில் வாழ்ந்தது ‘பெரிய ஆக்’ என்னும் பறவை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்காட்லாந்து ஆகியவற்றை அடுத்த சிறு தீவுகள் அதன் இனப்பெருக்க இடங்களாக விளங்கின. ஏறத்தாழ 80 செ.மீ. உயரமும் 5 கிலோ எடையும் கொண்ட அதற்குக் கருமுதுகும் வெண்வயிறும் அமைந்திருந்தன. அதன் சிறகுகள் மிகச் சிறியவை, பறக்க உதவாதவை. ஆயினும், அவற்றையே துடுப்புகளாக்கி நீருக்கடியில் விரைந்து மீன்களைப் பிடித்தது. உடலில் சேர்ந்த கொழுப்பு கடுங்குளிரைத் தாங்க உதவியது.

ஆண்டுக்கு ஒரு முட்டை
ஆண்டின் பெரும்பகுதியைக் கடலில் கழித்த ஆக், முட்டையிடவே கரையேறியது. பறக்க இயலாததால், நீரிலிருந்து சரிவாக ஏறத்தக்க பாறைத்தீவு அதற்குத் தேவைப்பட்டது. இரைதேடும் விலங்குகள் இல்லாத அத்தகைய தீவுகள் சிலவே. அங்கு அவை கூட்டம் கூட்டமாகத் திரண்டன. ஓர் இணை, கூடு கட்டாமல் வெறும் பாறைமீது ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிட்டது. எனவே, இழப்பை விரைவில் ஈடுசெய்ய அவ்வினத்தால் இயலவில்லை. நீரில் விரைந்த உடல் நிலத்தில் தடுமாறியது. மனிதர் கைக்கு எளிதில் அகப்பட்டது.

வேட்டையும் அழிவும்
1534ஆம் ஆண்டு ஃபங்க் தீவை அடைந்த பிரெஞ்சுக் கடலோடி ஜாக் கார்ட்டியேவின் குழுவினர், அரைமணி நேரத்திற்குள் இரண்டு படகுகளை இப்பறவைகளால் நிரப்பினர். முதலில் இறைச்சிக்கும் முட்டைக்கும், பின்னர் மெத்தைகளுக்கான இறகுக்கும் வேட்டை தொடர்ந்தது. மரமற்ற அத்தீவில் கொழுப்பு மிகுந்த பறவை உடல்களையே விறகாக எரித்தனர். இக்கொலை தொடர்ந்தால் இனமே எஞ்சாது என 1785இல் ஜார்ஜ் கார்ட்ரைட் எச்சரித்தார். எச்சரிக்கை பயனளிக்கவில்லை.

ஐஸ்லாந்தை அடுத்திருந்த, மனிதர் எளிதில் நெருங்க இயலாத பாறைத்தீவு ஒன்று இப்பறவைகளுக்குப் புகலிடமாக இருந்தது. அதுவும் 1830இல் எரிமலைச் சீற்றத்தால் கடலில் மூழ்கியது. எஞ்சியவை எல்டே தீவை அடைந்தன. பறவை அரிதானதால், பதப்படுத்திய உடலுக்கும் முட்டைக்கும் சேகரிப்பாளர்கள் மிகுந்த விலை தந்தனர். அழிவின் விளிம்பில் நின்ற இனத்தைக் காத்திருக்க வேண்டிய அருமையே அதன் கொலைக்குக் காரணமாயிற்று. 1844 ஜூனில் எல்டேயில் ஓர் இணை கொல்லப்பட்டது. அங்கிருந்த ஒற்றை முட்டை உடைந்த நிலையில் கைவிடப்பட்டது.

காலம் கடந்த பாடம்
1858இல் ஆங்கிலேயப் பறவையியலாளர்களான ஜான் வூலி, ஆல்ஃபிரட் நியூட்டன் ஆகியோர் உயிருள்ள ஆக் பறவையைத் தேடி ஐஸ்லாந்து சென்றனர். கடல் கொந்தளிப்பால் எல்டேயில் இறங்க இயலவில்லை. கடைசி வேட்டைக்குச் சென்ற மீனவர்களின் வாய்மொழியையே அவர்களால் பதிவுசெய்ய முடிந்தது. பின்னர், இனப்பெருக்கக் காலத்தில் பறவைகளைக் கொல்லக்கூடாது என நியூட்டன் வலியுறுத்தினார். 1869இல் பிரிட்டனில் கடற்பறவைகள் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. எண்ணிக்கையின் மிகுதி ஓர் இனத்திற்குக் காப்பாகாது; அது பெருகும் வேகத்தை அறிந்து காப்பதே காப்பாகும்.

தெரியுமா?
‘பெங்குவின்’ என்னும் பெயரால் கடலோடிகள் முதலில் அழைத்தது ஆக் பறவையையே. தென்கடலில் கண்ட, தோற்றத்தில் ஒத்த பறவைகளுக்கும் அப்பெயரையே இட்டனர். இரண்டும் வேறுவேறு குடும்பத்தைச் சேர்ந்தவை.

கற்பவை கற்றபின்
1. ஆக் பறவையின் உடலமைப்பு கடலில் வலிமையாகவும் நிலத்தில் குறையாகவும் அமைந்ததை விளக்குக.
2. ‘அரிதாதல் அழிவை விரைவுபடுத்தும்’ – வகுப்பறையில் கலந்துரையாடுக.